இன்றைய சங்கற்பம்

மாதுளம்பழம் இல்லை. மாதுளை முந்தாநாள். எலுமிச்சை நேற்று. அப்படியானால் இன்று என்ன? கோயில் வாசலைத் தாண்டித் தெருவில் கால் வைத்தாகிவிட்டது. வலது கை விரல்களைக் குவித்துத் தோள் மேல் வைத்தாகிவிட்டது. ஆகாரத்துக்குக் கிளம்பிவிட்டேன் என்பதற்கு அதுதான் அடையாளம், அந்தக் கை இறங்கும்வரை வாய் திறக்கக் கூடாது. இடது கையில் மயிற்பீலியும் கமண்டலமும் இருக்கின்றன. உடம்பின் மேல் வழக்கம்போல ஒன்றும் இல்லை, வெயில் மட்டும்தான். எல்லாம் இருக்கவேண்டிய இடத்தில் இருக்கிறது, காலையில் மனசுக்குள் வைத்துக்கொண்ட சங்கற்பத்தை மட்டும் காணோம். துணியே இல்லாதவன் சட்டைப்பையைத் தடவிப் பார்ப்பதுபோலத் தேடுகிறேன். எங்கள் திகம்பர சமண வழியில் பிச்சை கேட்கக் கூடாது. கதவைத் தட்டக் கூடாது, குரல் கொடுக்கக் கூடாது, பாத்திரம் நீட்டக் கூடாது, பாத்திரமே கூடாது. காலையில் பகவானுக்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு ஏதாவது ஓர் அடையாளத்தை நினைத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பொருளைக் கையில் வைத்துக்கொண்டு எந்த வாசலில் நின்று அழைக்கிறார்களோ அங்கேதான் இன்று சோறு. அன்றைய ஆகார நேரம் முடியும்வரை அதை யாரிடமும் சொல்லக் கூடாது. தெருவில் எங்கும் அது தென்படாவிட்டால் வந்த வழியே திரும்பி, மறுநாள்வரை ஒரு வாய்த் தண்ணீரும் இல்லாமல் இருக்க வேண்டும். வாசலைத் தாண்டிய பிறகு மாற்றிக்கொள்ளவும் கூடாது. மறந்துபோனால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை. எவன் மறப்பான்? ஒரு நாளைக்கு ஒரே வேளை சாப்பிடுகிறவன் அந்த ஒரு வேளையைத் திறக்கிற சாவியை மறப்பானா?

மெதுவாக நட. நடந்தால் வந்துவிடும். கோயிலில் நின்றது ஞாபகம் இருக்கிறது. கருங்கல் தரை, காலுக்குக் கீழே ஈரம், அபிஷேகப் பால் கோமுகி வழியாகச் சொட்டி முடிந்திருந்தது. மேலே எங்கேயோ பல்லி சொன்னது. பக்கத்து அறையில் எங்கள் துறவிக் கூட்டத்துக்குத் தலைவரான ஆசாரியர் இருமினார், இரண்டு தரம் இருமிவிட்டு நிறுத்திக்கொண்டார், அவருக்குச் சளி, சொன்னால் கேட்பதில்லை. நான் பீலியைக் கீழே வைத்தேன், கண்ணை மூடினேன், முக்தி அடைந்த சித்தர்களை வணங்கினேன், பிறகு நினைத்தேன். நினைத்தேன், அதில் சந்தேகமில்லை. நினைத்து முடித்தபோது உதட்டோரம் லேசாகச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு இருக்கிறது. எதற்குச் சிரித்தேன்? கிடைக்காத ஒன்றை நினைத்து ஊரை ஏமாற்றுகிற குறும்பா? சுலபமாகக் கிடைக்கிற ஒன்றை நினைத்துவிட்ட வெட்கமா? இரண்டு நாள் பட்டினிக்குப் பிறகு எந்த முனியும் கொஞ்சம் சுலபமாகத்தான் நினைப்பான், வெளியே ஒத்துக்கொள்ள மாட்டான். கரும்பா? கரும்புக்கு இது காலம் இல்லை. தாமரையா? தாமரை சிரவணபெளகுளத்தில், ஆடி மாதம், அப்போது எனக்குக் கால் நன்றாக இருந்தது. பசுவும் கன்றும் இடப்பக்கம் நிற்க வேண்டும் என்று ஒரு நாள் நினைத்துக்கொண்டு பெல்காம் பக்கத்தில் ஒரு கிராமம் முழுக்கச் சுற்றினேன், கடைசி வீட்டில் கன்று மட்டும் இருந்தது, பசு மேயப் போயிருந்தது. அதெல்லாம் இருக்கிறது. எந்த ஊர், எந்தத் தெரு, யார் வாசல், மேயப் போன பசுவின் நிறம்கூடச் சொல்வேன். இன்று காலைதான் இல்லை.

முதல் வீடு வந்துவிட்டது. மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஸ்ரீபாலனும் அவர் மனைவியும் குளித்த ஈரத்தோடு நிற்கிறார்கள். ஹே சுவாமி, நமோஸ்து, நமோஸ்து, நமோஸ்து, இங்கே நில்லுங்கள், நில்லுங்கள், ஆகாரமும் நீரும் சுத்தம் என்று ஒரே மூச்சில் அழைக்கிறார்கள். ஸ்ரீபாலன் கையில் மாதுளம்பழம். எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. முந்தாநாள் இந்தத் தெருவில் மாதுளை தேடி வெறும் வயிற்றோடு திரும்பினேன், சாயங்காலம் யாரோ கேட்டதற்கு மாதுளைதான் என்று சொல்லிவிட்டேன், அதிலிருந்து வந்தவாசி பழக்கடையில் மாதுளை மிச்சமில்லை போல. இந்த வரிசையில் முக்கால்வாசி வாசலில் மாதுளை. நேற்று எலுமிச்சைக்கு நின்றதைப் பார்த்து மீதியில் பல வாசலில் எலுமிச்சை. என் மனசைப் படித்துவிட வேண்டும் என்று ஊரே பரீட்சைக்குத் தயாராவதுபோல் தயாராகியிருக்கிறது. படிக்கிறவர்களே, கொஞ்சம் எனக்கும் சொல்லுங்கள். ஸ்ரீபாலனைத் தாண்டுகிறேன். தாண்டியது சரியா? இன்றைக்கும் மாதுளை என்றே நினைத்திருந்தால்? முந்தாநாள் நினைத்ததையே மறுபடி நினைக்கக் கூடாது என்று விதி ஒன்றும் இல்லையே. அதற்காகத்தான் சிரித்தேனோ, இப்போதுதான் ஊரெல்லாம் மாதுளை இருக்குமே என்று? திரும்பிப் போக முடியாது. திரும்பும்போது இதே வழியாகத்தான் வருவேன், அப்போது பார்த்துக்கொள்ளலாம். பின்னால் ஸ்ரீபாலன் மனைவி யாரிடமோ, வாழைப்பழத்த எடுத்துகினு வா சீக்கிரம் என்று சொல்வது கேட்கிறது. இனி அவர்கள் பொருளை மாற்றிக்கொண்டு பக்கத்துச் சந்து வழியாக ஓடிவந்து எனக்கு முன்னால் மறுபடி நிற்பார்கள். அதற்கும் தடையில்லை. பிச்சைக்காரன் வெறும் வயிற்றோடு போனால் நஷ்டம் பிச்சைக்காரனுக்கு. நான் வெறும் வயிற்றோடு போனால் நஷ்டம் ஊருக்கு, அப்படித்தான் இவர்கள் நம்புகிறார்கள். நான் சாப்பிடும்வரை இந்தத் தெருவில் நிற்கிற யாரும் சாப்பிட மாட்டார்கள். இவ்வளவு பேரைப் பட்டினி போட்டு நடத்திக்கொண்டு போகிற பிச்சைக்காரன் உலகத்தில் வேறு எங்கே இருக்கிறான்?

சோறு மணக்கிறது. இதை நினைக்கக் கூடாது, நினைக்கிறேன். புதுப் பொன்னி, வடித்துக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கிறது. எதிர்வீட்டில் பழைய அரிசி, நன்றாகப் பழசு, உலை கொதிக்கும்போதே தெரியும். முப்பது வருஷம் வந்தவாசியில் ரைஸ் மில் நடத்தியவன் மூக்கைத் துறவு என்ன செய்யும், துணியை அவிழ்த்துவிடலாம், மூக்கை அவிழ்க்க முடியவில்லை. அனந்தராஜன் மில் என்று பெயர். அந்த அனந்தராஜன் போய்விட்டான், சமதாகீர்த்தி என்று எனக்குப் பெயர் வைத்து ஆயிற்று ஒரு காலம். சமதா என்றால் எதுவும் ஒன்றுதான் என்கிற நிலை, கிடைத்தாலும் ஒன்று, கிடைக்காவிட்டாலும் ஒன்று. பெயர் வைத்தவர் என் மூக்கைக் கவனிக்கவில்லை. அவித்த நெல்லைக் களத்தில் கொட்டிக் காலால் கிளறும்போது வருகிற ஆவி, அப்பா அதில் நின்றுகொண்டுதான் இருப்பார், கடைசி வரை. கடைசி வரை இல்லை, கடைசிக்கு முன்னால் வரை. கடைசியில் அவர் வீட்டில்தான் இருந்தார், சாப்பிட்டுக் கை கழுவி வந்து உட்கார்ந்து, ஏம்மா எனக்குச் சோறு போடலையா என்று கேட்பார். ராஜமதி, என் மனைவி, இப்பத்தான மாமா சாப்பிட்டீங்க என்பாள். அவர் எழுந்து தெருவுக்குப் போய்விடுவார். மருமகள் பட்டினி போடுகிறாள் என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார். நல்ல மனுஷன், பொய் சொல்லத் தெரியாதவர், அவர் வயிறு நிறைந்திருந்தது, மனசு பட்டினியாக இருந்தது, அதைத்தான் சொன்னார். ராஜமதி அழுது பார்த்தாள், சண்டை போட்டுப் பார்த்தாள், பிறகு அவரைத் தெருவாசலில் உட்காரவைத்து இலை போட்டாள். எல்லாரும் பார்த்துக்கங்க, மாமா சாப்பிடறாரு என்று பேருந்துக்குக் காத்திருக்கிறவர்களிடமும் சொல்வாள். எல்லாரும் சிரிப்பார்கள், அப்பாவும் சிரிப்பார். அவள் இறந்துபோன பிறகுதான் நான் துறவுக்கு வந்தேன். அப்பாவுக்கு அது எப்படி ஆரம்பித்தது? முதலில் எதை மறந்தார்? மில் சாவி. ஆமாம், மில் சாவியை இடுப்பில் வைத்துக்கொண்டே தேடினார், நாங்கள் எல்லாரும் சிரித்தோம்.

வேண்டாம், அந்தப் பக்கம் போகாதே. வீட்டைப் பார். தேங்காய் வைத்த கலசம், கலசத்தைச் சுற்றி மாவிலை. அதுவா? அழைக்கிறார்கள்.  நிற்கலாம் போலக் கால் இழுக்கிறது, இந்தக் கால் சோற்றுக்குத்தான் இழுக்கும், சங்கற்பத்துக்கு இழுக்காது. அடுத்த வாசலில் கல்யாணம் ஆகி நாலு நாள் ஆன ஜோடி போல, இரண்டு பேர் கையிலும் மஞ்சள் வாழைப்பழச் சீப்பு. அதுவா? ஜோடி என்று நினைத்தேனா? ஜோடி என்கிற சொல் எங்கேயோ தட்டுகிறது. தட்டிவிட்டுத் திறக்காமல் போய்விடுகிறது. எல்லாமே தட்டுகிறது, அதுதான் சிக்கல், எதைப் பார்த்தாலும் இதுதானோ என்று இருக்கிறது. சந்தையில் குழந்தையைத் தொலைத்தவளுக்கு எந்தக் குழந்தையைப் பார்த்தாலும் தன் குழந்தையாகத்தான் தெரியும். போன மாதம் மாலைப் பாடத்தில் வரிசை தவறிவிட்டேன். சொன்னதையே இரண்டாம் தரம் சொன்னேன், எனக்குத் தெரியவில்லை, ஆசாரியர் சொல்லித்தான் தெரிந்தது. அவர் என்னைவிட வயதில் சின்னவர், கோலாப்பூர்க்காரர், தமிழ் நொண்டும். நொண்டுகிற தமிழில் அவர் சொன்னது நேராக வந்து விழுந்தது. கால் போனால் பரவாயில்லை, தூக்கிக்கொண்டு போகிறோம், கண் போனாலும் பார்க்கலாம், ஞாபகம் போனால் விரதத்தை எதில் வைப்பீர்கள் என்றார். அப்படி வந்தால் மறைக்காமல் என்னிடம் சொல்லுங்கள், சல்லேகனை எடுத்துக்கொள்ளலாம் என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அன்பாகத்தான் சொன்னார். சல்லேகனை என்றால் சோற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, பிறகு பால், பிறகு மோர், பிறகு வெந்நீர், பிறகு ஒன்றும் இல்லாமல் உடம்பைத் தானாக விழ விடுவது. நாங்கள் எல்லாரும் ஆசைப்பட வேண்டிய முடிவு. நானே எத்தனை ஊரில் பேசியிருக்கிறேன். பழுத்த இலை உதிர்வதற்கு அழுவார்களா என்று கைதட்டல் வாங்கியிருக்கிறேன்.

பயமாக இருக்கிறது. சொல்லிவிட்டேன், மனசுக்குள்ளேதான், பரவாயில்லை. சாவுக்கு இல்லை, அல்லது சாவுக்கும்தான். ஆனால் முதலில் தோன்றியது அது இல்லை. இனிமேல் குவித்த கையில் சூடாக ஒரு கவளம் விழாதே என்றுதான் முதலில் தோன்றியது. முதல் கவளம் விழும்போது உள்ளங்கை சுடும். சுடுகிறது என்று கையை இழுக்கக் கூடாது. அந்தச் சூடு. நெய் விட்டுப் பிசைந்த பருப்புச் சோறு, உப்பு இல்லாமல், உப்பை விட்டு வெகு காலம் ஆகிறது, உப்பில்லாமலே அரிசிக்கு ஒரு தித்திப்பு இருக்கிறது என்று துறவுக்கு வந்துதான் கண்டுபிடித்தேன். எல்லாவற்றையும் விட்டவன் இதைப் போய்ப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். வெளியில் எல்லாரும் என்னைப் பசியை ஜெயித்தவன் என்று கும்பிடுகிறார்கள். நான் இந்த ஒரு வேளையை நினைத்துக்கொண்டுதான் மற்ற வேளைகளை ஓட்டுகிறேன். சொல்லாமல் இருந்துவிட்டால் என்ன? ஒரு நாள் மறப்பது எல்லாருக்கும் உண்டு. இரண்டு நாள் பட்டினி, வெயில், யாருக்கும் தலை சுற்றும். நாளைக்குக் கிளம்புமுன் விரலில் ஏதாவது முடிச்சு போட்டுக்கொள்ளலாம். முடிச்சு போட நூல் ஏது? அதுவும் உடைமைதான். சரி, பீலியில் ஓர் இறகைத் திருப்பி வைத்துக்கொள்ளலாம். இறகைத் திருப்பியது எதற்கு என்று மறந்தால்?

அதோ சுநந்தா வீடு வரப்போகிறது, இன்னும் நாலைந்து வாசல். நேற்று அங்கேதான் நின்றேன். அவளும் அவள் மாமியார் ஜெயவதியும் எலுமிச்சையோடு நின்றார்கள். என்னை மூன்று சுற்றுச் சுற்றி உள்ளே அழைத்துப் போய்க் கால் கழுவினார்கள், நான் நின்றபடி கை குவித்தேன், சுநந்தாதான் போட்டாள். இரண்டு கவளம். மூன்றாவதில் ஒரு முடி. சோற்றில் முடியோ எறும்போ வந்தால் அதோடு சரி, கையை விட்டுவிட வேண்டும், அன்றைக்கு ஆகாரம் முடிந்தது. விட்டுவிட்டேன். சோறு தரையில் விழுந்த சத்தம் கேட்டது, அதைவிட அவள் மூச்சை இழுத்துப் பிடித்த சத்தம். யார் முடி அது? குனிந்து பார்த்தேன், பார்த்தது தெரிகிறது. கறுப்பா வெள்ளையா, நீளமா குட்டையா? என் தாடியில் இருந்தும் விழுந்திருக்கலாம், எங்களுக்குக் கத்தி கூடாது, கையால் பிடுங்கியெடுத்து இரண்டு மாதம் ஆகிறது, நன்றாக வளர்ந்திருக்கிறது. நிறம் வரவில்லை. நேற்றுப் பகல் நடந்தது, கண்ணால் பார்த்தது, நிறம் வரவில்லை. ஐயோ, இன்று காலை மட்டும் இல்லை போலிருக்கிறதே. நேற்றிலும் ஓட்டை விழுந்திருக்கிறதே.

சாயங்காலம் கோயிலில் பெண்கள் பேசிக்கொண்டதும் காதில் விழுந்தது. சுநந்தா செய்யாறில் ஒரு செருப்புக் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறாளாம். விடிவதற்குள் கம்பெனிப் பேருந்து வந்து ஏற்றிக்கொண்டு போகும். தோல் தொடுகிற இடம் இல்லை, ரப்பர் அடி ஒட்டுகிற பிரிவுதான் என்று அவள் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறாள், யார் நம்பினார்கள்? சமண நயினார் வீட்டுப் பெண் செருப்புக் கம்பெனியில் என்றால் போதாதா. தோல் தொட்ட கையால் போட்டாள், அதான் முடி வந்தது என்று ஒருத்தி. முனி கால் வைத்த வீட்டில் இப்படி ஆனால் ஏழு தலைமுறைக்கு ஆகாது என்று இன்னொருத்தி, ஏழு என்று யார் எண்ணினார்களோ. ஜெயவதி எல்லார் முன்னாலும், நாளைக்கும் சாமி நம்ம வீட்டில் சாப்பிடாவிட்டால் இவள் வேலையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், நிறுத்திவிடுகிறேன் என்று சொன்னாளாம். அவள் மகன், சுநந்தாவின் புருஷன், ஒரகடத்தில் தனியாக ஏதோ வேலையில் இருக்கிறான், அவனும் போனில் சரி என்றானாம். ஆக இன்றைக்கு அந்த வாசலில் ஒருத்தி தன் வேலையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். அதற்கு மேல் தேங்காயோ பழமோ எதுவாக இருந்தால் என்ன?

அங்கே நின்றுவிடு. யாருக்குத் தெரியும்? எதை வைத்துக்கொண்டு நின்றாலும் அதுதான் இன்றைய சங்கற்பம் என்று சொல்லிவிடலாம், மறுத்துச் சொல்ல உலகத்தில் ஒருத்தரும் இல்லை, எனக்கே சொல்ல முடியாது. உண்மையாகவே அதுவாகவும் இருக்கலாம். ஒருவேளை காலையில் நான் அவளை நினைத்தே ஏதாவது வைத்துக்கொண்டு கிளம்பியிருப்பேன், அதற்குத்தான் சிரித்திருப்பேன். அவளுக்கு வேலை மிஞ்சும், ஜெயவதி வாய் மூடும், ஊர் சாப்பிடும், நானும். நானும். அங்கேதான் இடறுகிறது. இரக்கம் என்று ஆரம்பித்து ஒவ்வொரு தரமும் சோற்றில் வந்து முடிகிறது. என் சங்கற்பம் தெரியாமல் நான் நீட்டுகிற கை, கேட்டு நீட்டுகிற கைதான். பேருந்து நிலையத்தில் நீட்டுகிறவன் என்னைவிட நேர்மையானவன், பசிக்கிறது என்று வாயால் சொல்லிவிட்டு நீட்டுகிறான். நான் பகவான் பெயரைச் சொல்லிக்கொண்டு நீட்டுவேன். அவளையும் அந்தப் பொய்க்குள் இழுத்து, அதைப் புண்ணியம் என்று அவள் தலையில் கட்டிவிட்டு வருவேன். இன்னும் இரண்டு வாசல்.  சாலை முனையில் ஷேர் ஆட்டோ நின்றிருக்கிறது, ஓட்டுகிறவன் போனை என் பக்கம் தூக்குகிறான், பக்கத்தில் இருந்தவர் அவன் கையைத் தாழ்த்திவிடுகிறார், நல்ல மனுஷர். கண் முன்னால் சின்னச் சின்னதாகக் கறுப்புப் புள்ளி. விழுந்துவிட்டால் எல்லாம் தீர்ந்தது, விழுந்தவனிடம் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். விழவில்லை. பாழாய்ப்போன உடம்பு, கேட்கும்போது விழாது.

சுநந்தா நிற்கிறாள். தலையை ஈரத் துணியால் நெற்றிவரை இறுக்கிக் கட்டியிருக்கிறாள், ஒரு முடி வெளியே தெரியவில்லை, புருவம்கூட இழுபட்டு மேலே போயிருக்கிறது. தனியாக நிற்கிறாள், ஜெயவதி இரண்டடி தள்ளி, சேர்ந்து நிற்க மனமில்லாதவளாக. சுநந்தா கையில் தட்டு, அதில் தெருவில் நிற்கிறவர்களிடம் இருக்கிற எல்லாம் இருக்கிறது: மாதுளை, எலுமிச்சை, தேங்காய், வாழை, ஒரு கொத்து திராட்சை, கொய்யா, ஒரு தாமரை மொட்டு, இது எங்கிருந்து கிடைத்தது இவளுக்கு. எல்லாவற்றையும் வைத்துவிட்டால் ஒன்று நிச்சயம் தவறாது என்று கணக்குப் போட்டிருக்கிறாள். தட்டின் கனத்தில் கை ஆடுகிறது. ஹே சுவாமி என்று ஆரம்பிக்கிறாள். நமோஸ்து என்கிறாள். இங்கே நில்லுங்கள் என்பது வாய் அசைவில் மட்டும் தெரிகிறது. நான் நின்றுவிட்டேன். ஏன் நின்றேன் என்று தெரியவில்லை, நடக்க முடியாமல் நின்றிருக்கலாம். தெரு முழுக்கப் பார்க்கிறது. அவள் முகம் விரிகிறது. தட்டோடு என்னைச் சுற்றிவர முதலடி எடுத்து வைக்கிறாள். ஒரு சுற்று முடிந்தால் முடிந்தது, பிறகு மாற்ற முடியாது. சொல், இதுதானா? தட்டைப் பார்க்கிறேன், ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன், ஒன்றும் எதுவும் சொல்லவில்லை. பழம் பழமாக இருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. தோளில் இருந்த கை எப்போது இறங்கியது என்று நான் பார்க்கவில்லை, தொடையில் விரல் பட்ட பிறகுதான் தெரிந்தது.

சுற்று முடியுமுன் கை இறங்கினால் இன்றைக்கு ஆகாரம் அவ்வளவுதான், அது இந்தத் தெருவில் குழந்தைக்கும் தெரியும். சுநந்தா எடுத்த அடியை அப்படியே வைத்துக்கொண்டு நின்றாள். ஜெயவதி யாரைப் பார்த்தும் சொல்லாமல், "செருப்பு ஒட்டற கை. அப்பவே சொன்னன்," என்றாள். பக்கத்து வாசல்களில் இருந்து யாரும் அதை மறுக்கவில்லை. ஸ்ரீபாலன் மனைவி சந்து வழியாக வாழைப்பழத்தோடு ஓடிவந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். சுநந்தா தட்டைக் கீழே வைத்தாள். வைத்து, குனிந்தபடியே கேட்டாள்.

"என் கையில இன்னா குத்தம் சாமி? அத மட்டும் சொல்லிடுங்க. நான் இனிமே வாசல்ல நிக்கல."

கோயிலுக்குத் திரும்பி நடந்துவிடலாம். அதுதான் வழக்கம். முனி காரணம் சொல்ல வேண்டியதில்லை, காரணத்தை ஊர் பார்த்துக்கொள்ளும், ஊர் ஏற்கெனவே பார்த்துக்கொண்டுவிட்டது. என் பெயர் அப்படியே இருக்கும். மூன்று நாள் பட்டினி இருந்த மகான் என்று இன்னும் ஒரு படி ஏறும். நாளைக்குக் காலையில் புதிதாக ஒன்று நினைத்துக்கொண்டு கிளம்பலாம், நாளைக்குச் சோறு கிடைக்கும், நாளை மறுநாளும், ஞாபகம் போகிறவரை, போன பிறகும் கொஞ்ச நாள். இவள் மட்டும் கம்பெனிப் பேருந்து வருகிற நேரத்துக்கு விழித்துக்கொண்டு படுத்திருப்பாள். தன் கையை உற்று உற்றுப் பார்ப்பாள். நான் கேட்காமல் வாங்குகிறவன், அதற்காகத்தான் என்னைக் கும்பிடுகிறார்கள். இவளிடம் இவள் வேலையை வாங்கிக்கொண்டு போனால் அது என்ன பிச்சை? வாயைத் திறந்தேன். 

"உன் கையில ஒரு குத்தமும் இல்லம்மா," என்றேன். குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது, மில்லில் ஆட்களிடம் பேசிய குரல். "காலைல எத நெனச்சிகினு கெளம்பனன்னு எனக்கு ஞாபகம் இல்ல. கோயில தாண்டனதுமே மறந்துட்டன். இங்க வந்து நின்னது பசில."

 ஜெயவதிக்குக் கேட்காமல் இருந்திருக்கலாம் என்று நினைத்து அவளைப் பார்த்து இன்னொரு தரம் சொன்னேன், "மறந்துட்டன்மா, எனக்கு மறதி வந்துடுச்சி." அவள் முந்தானையை இழுத்து வாயை மூடிக்கொண்டாள். மனைவிக்குப் பின்னால் வந்து நின்றிருந்த ஸ்ரீபாலன் தலையைக் கவிழ்த்துக்கொண்டார், அவருக்கு அர்த்தம் தெரியும், இங்கே நிற்கிற பெரியவர்கள் எல்லாருக்கும் தெரியும். நான் கோயில் படி ஏறுவதற்குள் ஆசாரியர் காதுக்குப் போய்விடும். போகட்டும், இருந்தாலும் நானே போய்ச் சொல்ல வேண்டும். பிறகு சல்லேகனைதான், இன்று சோற்றைக் குறைத்தால் நாளை பால், பிறகு மோர்.  பயம் போகவில்லை, அப்படியே இருக்கிறது, வயிற்றுக்குள் பசி இருக்கிற இடத்திலேயே அதுவும் இருக்கிறது, இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியவில்லை. சுநந்தா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். முனியைப் பார்க்கிற பார்வை இல்லை. தலைத்துணி நழுவி ஒரு பக்கம் முடி வெளியே வந்திருந்தது, அவள் அதைச் சரிசெய்யவில்லை.

"ரொம்ப பசிக்குதா சாமி?" என்றாள்.

துறவியிடம் அதைக் கேட்கக் கூடாது. இத்தனை வருஷத்தில் யாரும் கேட்டதில்லை. எத்தனையோ வாசல்களில் காலைக் கழுவியிருக்கிறார்கள், சுற்றி வந்திருக்கிறார்கள், விழுந்து கும்பிட்டிருக்கிறார்கள், இதை ஒருத்தரும் கேட்கவில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, துடைக்கத் துணி இல்லை.

"பசிக்குதும்மா," என்றேன். சொல்லிவிட்டுக் கோயில் பக்கம் திரும்பி நடந்தேன்.